உலோக மின்சுவிட்சுகளுக்கான புவியிணைப்பு

உலோக மின்சுவிட்சுகளுக்கான புவியிணைப்பு என்பது, வீட்டு மின்கம்பியமைப்பில் உள்ள உலோகத்தாலான சுவிட்ச் தட்டுகளையும், அவற்றின் பின்னால் சுவருக்குள் பதிக்கப்படும் உலோகப் பெட்டிகளையும் எர்த் கம்பியுடன் உறுதியாக இணைக்கும் பாதுகாப்பு முறையாகும். சுவிட்சுக்குள் ஏதேனும் பழுது ஏற்பட்டு மின்னோட்டம் வெளித்தட்டுக்குப் பரவினால், யாரும் தொடுவதற்கு முன்பே மின்வழங்கல் தானாகத் துண்டிக்கப்பட வேண்டும் என்பதே இதன் நோக்கம். சுவிட்சைத் தமிழ்நாட்டில் பொத்தான், சுவிட்ச் என்றும், இலங்கையில் ஆளி என்றும் அழைப்பர். புவியிணைப்பு இரு நாடுகளிலும் பேச்சு வழக்கில் எர்த் என்றே வழங்குகிறது.

வீட்டிலுள்ள மின்பொருள்களில் அடிக்கடி கைபடுவது விளக்குச் சுவிட்சுதான். குளியலறையிலிருந்து ஈரக்கையோடு வருபவரும், இருட்டில் வெறுங்காலோடு நடப்பவரும், எட்டித் தொடும் குழந்தையும் முதலில் தொடுவது அதையே. ஆகவே, அதன் மேல்தட்டு உலோகமாக இருக்கும் வீட்டில் எர்த் கம்பியின் தேவை மிகுதியாகிறது.

பின்னணி

தமிழ்நாட்டின் பழைய வீடுகளில் மரச்சட்டங்களின்மீது கம்பிகளை ஓட்டி, மரப்பலகையின்மேல் வட்டவடிவக் கறுப்புச் சுவிட்சுகளைப் பொருத்தியிருப்பார்கள். அந்தச் சுவிட்சுகளின் உடல் பேக்கலைட் என்னும் கடினப் பிளாஸ்டிக்கால் ஆனது. மரமும் பேக்கலைட்டும் மின்கடத்தாப் பொருள்கள். அதனால் விளக்குகளுக்குச் செல்லும் கம்பிகளோடு எர்த் கம்பி ஓட்டப்படாத இடங்களிலும் அந்தக் குறை வெளியே தெரியவில்லை.

பின்னர் கம்பிகளைச் சுவருக்குள் குழாய் வழியே கொண்டுசெல்லும் முறை பரவியது. சுவிட்சுகளைத் தாங்கத் துத்தநாகம் பூசிய இரும்புப் பெட்டிகள் சுவரில் பதிக்கப்பட்டன. அழகுக்காகப் பித்தளை, எஃகு, அலுமினியத் தட்டுகளும் வந்தன. மேல்தட்டு பிளாஸ்டிக்காக இருந்தாலும், அதைப் பெட்டியோடு பிணைக்கும் திருகாணிகளின் தலைகள் வெளியே தெரியுமானால் அவையும் தொடக்கூடிய உலோகப் பகுதிகளே. பழைய கம்பியமைப்பை மாற்றாமல் சுவிட்சுகளை மட்டும் உலோகத் தட்டுகளாக மாற்றும் வீடுகளில்தான் ஆபத்து அதிகம். மின்கடத்தாப் பொருள்களை நம்பி அமைக்கப்பட்ட இடத்தில் மின்கடத்தி வந்து அமர்ந்துவிடுகிறது.

பிரித்தானியாவிலும் இதே நிலை இருந்தது. அங்கே மின்பொறியாளர் கழகத்தின் கம்பியமைப்பு விதிகளின் 14ஆம் பதிப்பு 1966-இல் வெளியானபோதுதான், விளக்குச் சுற்றுகளுக்கும் எர்த் கம்பி தேவை என்பது பொது விதியானது. அதற்கு முன் கட்டப்பட்ட வீடுகள் பலவற்றின் விளக்குச் சுற்றுகளில் எர்த் கம்பி இல்லை. அத்தகைய வீடுகளில் உலோகச் சுவிட்சுகளைப் பொருத்தக் கூடாது என்று இன்றும் அறிவுறுத்தப்படுகிறது.

இந்தியாவில் புவியிணைப்புக்கான நடைமுறைகளை ஐ.எஸ். 3043 என்னும் தரநிலையும், கட்டடக் கம்பியமைப்புக்கான நடைமுறைகளை ஐ.எஸ். 732 என்னும் தரநிலையும் விவரிக்கின்றன.

சுவிட்ச் தட்டில் மின்சாரம் ஏறும் விதம்

விளக்குச் சுவிட்சுக்கு வருவது ஃபேஸ் கம்பி. சுவிட்சிலிருந்து விளக்குக்குச் செல்வதும் சுவிட்ச் போட்டிருக்கும்போது அதே 230 வோல்ட் மின்னழுத்தத்தில் இருக்கும் கம்பியே. இக்கம்பிகள் உலோகத் தட்டுக்குச் சில மில்லிமீட்டர் தொலைவிலேயே அமைந்துள்ளன. பின்வரும் காரணங்களால் அந்த இடைவெளி இல்லாமற்போகலாம்:

• முனையத் திருகாணி தளர்ந்து கம்பி கழன்று தட்டைத் தொடுதல்.
• பல இழைக் கம்பியை முறுக்காமல் செருகியதால் ஓரிழை வெளியே நீட்டிக்கொண்டிருத்தல்.
• தட்டைப் பூட்டும்போது கம்பியின் மேலுறை பெட்டியின் விளிம்பில் நசுங்குதல், அல்லது நீளமான திருகாணி கம்பியைத் துளைத்தல்.
• மழைக்காலத்தில் சுவரில் ஊறும் நீர் பெட்டிக்குள் இறங்குதல்.
• பழைய ரப்பர் உறைக் கம்பிகள் காய்ந்து உதிர்தல், எலி கடித்தல்.

இவற்றுள் எது நேர்ந்தாலும், எர்த் இல்லாத தட்டில் வெளித்தோற்றத்தில் எந்த மாற்றமும் இராது. விளக்கு வழக்கம்போல எரியும், மின்விசிறி சுழலும். பழுதை முதலில் கண்டுபிடிப்பது தட்டைத் தொடும் மனிதரின் கையாகவே இருக்கும்.

ஈரமான நிலையில் மனித உடலின் மின்தடையை ஏறத்தாழ 1000 ஓம் என்று கொண்டால், 230 வோல்ட் மின்னழுத்தம் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தை உடல் வழியே செலுத்தும். இது இதயத்துடிப்பைக் குலைத்து உயிரைப் பறிக்கப் போதுமானது. ஆனால் விளக்குச் சுற்றைக் காக்கும் 6 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இது ஒரு சிறிய விளக்கின் சுமையளவே. மனிதர் ஒருவர் மின்னதிர்ச்சியில் சிக்கியிருக்கிறார் என்பதை எம்.சி.பி. அறியாது. அது கம்பிகள் சூடேறி எரியாமல் காப்பதற்கான கருவி; மனித உடல் வழியே பாயும் சிறு மின்னோட்டத்தைக் கண்டறிவதற்கானது அன்று.

எர்த் கம்பி செய்யும் வேலை

கசியும் மின்சாரத்தை எர்த் கம்பி பூமிக்கு அனுப்பிவிடும், பூமி அதை உறிஞ்சிக்கொள்ளும் என்றே பலரும் எண்ணுகின்றனர். இது பாதி உண்மை மட்டுமே. மின்னோட்டம் எப்போதும் தான் புறப்பட்ட மின்மாற்றிக்கே திரும்பியாக வேண்டும். பழுதான மின்னோட்டம் திரும்பிச் செல்ல ஒரு வழியை அமைத்து, அதன்மூலம் பாதுகாப்புக் கருவியை இயங்கச் செய்வதே எர்த் கம்பியின் முதன்மையான வேலை. மின்வழங்கல் துண்டிக்கப்படாவிட்டால் எர்த் கம்பி இருந்தும் தட்டு ஆபத்தாகவே இருக்கலாம். இதை இரு கணக்குகளால் விளங்கிக்கொள்ளலாம்.

முதலாவது, மின்மாற்றியிலிருந்தே உலோக வழியில் எர்த் இணைப்பு வரும் அமைப்பு. மின்பகிர்வுப் பெட்டியிலிருந்து சுவிட்ச் 20 மீட்டர் தொலைவில் இருப்பதாகவும், ஃபேஸ், எர்த் இரண்டும் 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பிகள் என்றும் கொள்க. அந்தக் கம்பியின் மின்தடை மீட்டருக்கு 0.0121 ஓம். போக்கும் வரத்தும் சேர்த்து 40 மீட்டருக்கு ஏறத்தாழ 0.5 ஓம். வீட்டுக்கு வெளியேயுள்ள பகுதி 0.8 ஓம் எனில் மொத்தம் 1.3 ஓம். ஃபேஸ் கம்பி தட்டைத் தொட்டவுடன் 230 ÷ 1.3, அதாவது ஏறத்தாழ 177 ஆம்பியர் பாயும். 6 ஆம்பியர் எம்.சி.பி. கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும்.

இரண்டாவது, வீட்டுத் தோட்டத்தில் தோண்டிய எர்த் குழியை மட்டுமே நம்பியுள்ள அமைப்பு. தமிழ்நாட்டின் தனிவீடுகளில் பரவலாகக் காணப்படுவது இதுவே. வீட்டு எர்த் குழியின் மின்தடை 20 ஓம், மின்மாற்றியின் எர்த் 2 ஓம் எனில் மொத்தம் 22 ஓம். பாயும் மின்னோட்டம் 10.5 ஆம்பியர் அளவே. இதற்கு 6 ஆம்பியர் எம்.சி.பி. துண்டிக்கச் சில நிமிடங்கள் ஆகலாம். 10 ஆம்பியர் எம்.சி.பி. துண்டிக்காமலே இருந்துவிடலாம். அதுவரை தட்டில் 20 × 10.45, அதாவது ஏறத்தாழ 209 வோல்ட் நிலைத்திருக்கும். எர்த் கம்பி முறையாக இணைக்கப்பட்டிருந்தும் தட்டைத் தொடுபவருக்கு ஆபத்து நீங்கவில்லை.

ஆர்.சி.சி.பி.யின் இன்றியமையாமை

இரண்டாவது கணக்கில் விடுபட்ட இடத்தை நிரப்புவது ஆர்.சி.சி.பி. என்னும் கசிவு மின்னோட்டத் துண்டிப்பான். ஃபேஸ் கம்பி வழியே செல்லும் மின்னோட்டத்தையும் நியூட்ரல் கம்பி வழியே திரும்பும் மின்னோட்டத்தையும் இது ஒப்பிடுகிறது. இரண்டும் சமமாக இல்லையெனில், வேறுபாடு வேறு ஏதோ வழியில் கசிகிறது என்று பொருள். வீடுகளில் மனிதரைக் காக்கப் பொருத்தப்படும் வகை 30 மில்லி ஆம்பியர் கசிவுக்குள் இயங்கும். பொதுவகைக் கருவி, குறித்த அளவு கசிவில் 0.3 நொடிக்குள்ளும், அதைப்போல் ஐந்து மடங்கு கசிவில் 0.04 நொடிக்குள்ளும் துண்டிக்க வேண்டும். மேற்கண்ட 10.5 ஆம்பியர் கசிவுக்கு அது உடனடியாக இயங்கிவிடும்.

ஆர்.சி.சி.பி. இருக்கும்போது எர்த் கம்பி எதற்கு என்ற கேள்வி எழலாம். எர்த் இல்லாத உலோகத் தட்டில் பழுது ஏற்பட்டாலும் கசிவுக்கு வழியில்லை, எனவே ஆர்.சி.சி.பி. அமைதியாகவே இருக்கும். ஒருவர் தொடும்போது அவர் உடல் வழியே கசிவு தொடங்கிய பிறகே அது துண்டிக்கும். உயிர் பிழைக்க வாய்ப்புண்டு. ஆனால் அதிர்ச்சி நிச்சயம். நாற்காலிமேல் நின்று சுவிட்சைத் தொட்டவர் அந்த அதிர்ச்சியில் கீழே விழவும் கூடும். எர்த் கம்பி இருந்தால் பழுது ஏற்பட்ட அந்த நொடியிலேயே துண்டிப்பு நிகழும். எனவே இவை இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. சேர்ந்தே பாதுகாப்பைத் தருகின்றன.

ஆர்.சி.சி.பி.யின்மேல் சோதனைப் பொத்தான் ஒன்று உண்டு. அதை அழுத்தினால் கருவிக்குள்ளேயே ஒரு செயற்கைக் கசிவு உண்டாகிறது. கருவி இயங்குகிறதா என்பதை மட்டுமே இது காட்டும். எர்த் கம்பியே இல்லாத வீட்டிலும் இப்பொத்தான் சரியாக வேலை செய்யும். ஆகவே, பொத்தானை அழுத்தியதும் துண்டித்துவிட்டது, எர்த் சரியாக இருக்கிறது என்று முடிவு செய்வது தவறு.

இணைக்கும் முறை

இந்த வேலை தகுதிபெற்ற மின்பணியாளர் செய்ய வேண்டியது. எனினும் அது எவ்வாறு செய்யப்பட வேண்டும் என்பதை வீட்டுக்காரர் அறிந்திருந்தால் வேலையைச் சரிபார்க்க இயலும்.

1. முதன்மைச் சுவிட்சை அணைத்து, வேறொருவர் தவறுதலாகப் போட்டுவிடாதபடி காப்புச் செய்ய வேண்டும். இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் அதன் மின்வழியையும் துண்டிக்க வேண்டும். மெயின் அணைந்த பின்னும் விளக்குச் சுற்று உயிரோடிருக்க இன்வெர்ட்டரே காரணமாகலாம்.

2. மின்சாரம் இல்லை என்பதை இருமுனைச் சோதனைக் கருவியால் உறுதிசெய்ய வேண்டும். அக்கருவியை முதலில் மின்சாரம் இருக்கும் ஓரிடத்தில் சோதித்துப் பார்ப்பது நல்லது. திருகுளி வடிவ நியான் டெஸ்டரை மட்டும் நம்பக் கூடாது. அது பழுதாகியிருந்தாலும் எரியாது. அருகிலுள்ள கம்பியின் தூண்டலால் பொய்யாகவும் ஒளிரும்.

3. சுவிட்ச் பெட்டிக்கு எர்த் கம்பி உண்மையில் வந்துள்ளதா, அது மின்பகிர்வுப் பெட்டியின் எர்த் பட்டையில் முடிகிறதா என்பதைத் தொடர்ச்சிச் சோதனையால் அறிய வேண்டும். பச்சை நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்தல் ஆகாது. மாடிப்படியின் கீழும் மேலும் இருந்து ஒரே விளக்கை இயக்கும் இருவழிச் சுவிட்சுகளில், கம்பி பற்றாமற்போனபோது பச்சைக் கம்பியையே ஃபேஸ் வழியாகப் பயன்படுத்திவிடும் தவறான பழக்கம் உண்டு. அதை எர்த் என்று நம்பித் தட்டில் இணைத்தால் தட்டு நேரடியாக மின்னேறிவிடும்.

4. எர்த் கம்பியை உலோகப் பெட்டியிலுள்ள எர்த் முனையத்தில் இறுக்கமாக இணைக்க வேண்டும். அங்கிருந்து ஒரு குறுங்கம்பியை மேல்தட்டின் எர்த் முனையத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். தட்டைப் பூட்டும் திருகாணியே பெட்டியையும் தட்டையும் இணைத்துவிடும் என்று விட்டுவிடக் கூடாது. வண்ணப்பூச்சும் துருவும் அந்தத் தொடர்பைக் கெடுத்துவிடும். தட்டைக் கழற்றியதும் அது அறவே போய்விடும்.

5. ஒரே சுவரில் அடுத்தடுத்துப் பல பெட்டிகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் எர்த் தொடர வேண்டும். நடுவிலுள்ள ஒரு சுவிட்சைக் கழற்றினால் அடுத்தவற்றின் எர்த் அறுந்துவிடாதபடி இணைப்புகள் அமைய வேண்டும். எர்த் வழியில் எந்த இடத்திலும் சுவிட்சோ ஃபியூஸோ இருத்தல் கூடாது.

6. உறையற்ற எர்த் கம்பி பெட்டிக்குள் இருந்தால் அதன்மேல் பச்சை அல்லது பச்சை-மஞ்சள் குழலுறை மாட்ட வேண்டும். விளக்குச் சுற்றில் எர்த் கம்பியின் பருமன் ஃபேஸ் கம்பியின் பருமனுக்குச் சமமாக இருப்பது வழக்கம்.

செய்யக் கூடாதவை

எர்த் கம்பி இல்லாத இடத்தில் உலோகத் தட்டைப் பொருத்த விரும்புவோர் சில குறுக்குவழிகளை நாடுவதுண்டு. அவற்றுள் மிகக் கொடியது தட்டை நியூட்ரலுடன் இணைப்பதாகும். நியூட்ரலும் எர்த்தும் மின்மாற்றியில் ஒன்றாகத்தானே சேர்கின்றன என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். ஆனால் மின்கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் நியூட்ரல் கம்பி அறுந்துபோனால், எரியும் ஒவ்வொரு விளக்கின் வழியாகவும் ஃபேஸ் மின்னழுத்தம் நியூட்ரலுக்கு வந்துவிடும். எந்தச் சுவிட்சிலும் பழுதே இல்லாமல், வீட்டின் எல்லா உலோகத் தட்டுகளும் ஒரே நேரத்தில் மின்னேறிவிடும். கம்பத்தில் பழுதுபார்த்தபின் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறிப்போனாலும் இதே நிலைதான். மேலும், நியூட்ரலும் எர்த்தும் வீட்டுக்குள் கலந்தால் ஆர்.சி.சி.பி. காரணமின்றித் துண்டித்துக்கொண்டே இருக்கும். தொல்லை தாங்காமல் அதைக் கழற்றி எறிந்துவிடும் வீடுகளும் உண்டு. அத்துடன் கடைசிப் பாதுகாப்பும் போய்விடுகிறது.

தண்ணீர்க் குழாயுடன் இணைப்பதும் தவறு. இன்றைய குழாய்கள் பெரும்பாலும் பிளாஸ்டிக்; அவற்றில் எர்த் கிடைக்காது. குழாய் இரும்பாக இருந்து வழியில் ஓரிடத்தில் பிளாஸ்டிக்காக மாற்றப்பட்டிருந்தால், சுவிட்சில் ஏற்பட்ட பழுது குளியலறைக் குழாய்க்கு மின்சாரத்தைக் கொண்டுபோய்விடும். எரிவாயுக் குழாயும் சன்னல் கம்பியும் இதற்கு உரியவை அல்ல.

எர்த் இல்லாத வீடுகளில் தீர்வு

எர்த் கம்பி இல்லாத பழைய விளக்குச் சுற்றுக்கு இரண்டு நல்ல வழிகள் உள்ளன. ஒன்று, மின்பகிர்வுப் பெட்டியிலிருந்து ஒவ்வொரு சுவிட்சுக்கும் விளக்குக்கும் புதிதாக எர்த் கம்பி ஓட்டுவது. கம்பிகள் பழையனவாகி உறை உதிரும் நிலையில் இருந்தால் முழுக் கம்பியமைப்பையும் மாற்றுவதே நல்லது. மற்றொன்று, உலோகத் தட்டைக் கைவிட்டுப் பிளாஸ்டிக் பெட்டி, பிளாஸ்டிக் தட்டு, திருகாணித் தலைகளை மறைக்கும் மூடி ஆகியவற்றைப் பொருத்துவது. இது செலவு குறைந்தது. எர்த் இல்லாத பித்தளைத் தட்டைக் காட்டிலும் நல்ல பிளாஸ்டிக் தட்டு பாதுகாப்பானது. எந்த வழியைத் தேர்ந்தாலும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பொருத்துவது நன்று.

சோதனையும் பராமரிப்பும்

வேலை முடிந்தபின், மின்சாரம் அணைந்த நிலையில், சுவிட்ச் தட்டுக்கும் மின்பகிர்வுப் பெட்டியின் எர்த் பட்டைக்கும் இடையிலான மின்தடையை அளக்க வேண்டும். 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி 20 மீட்டருக்கு ஏறத்தாழ 0.24 ஓம் காட்டும். பல ஓம்கள் காட்டினால் எங்கோ ஓர் இணைப்பு தளர்ந்துள்ளது என்று பொருள். மெக்கர் என்னும் கருவியால் 500 வோல்ட் கொடுத்துக் கம்பிகளின் காப்புத் தடையையும் அளப்பர். அது 1 மெகா ஓமுக்குக் குறையக் கூடாது.

எர்த் குழியும் கவனிப்புக்குரியது. மண் காய்ந்தால் அதன் மின்தடை ஏறும். கோடையில் குழிக்கு நீர் ஊற்றும் பழக்கத்தின் காரணம் இதுவே. குழியில் கம்பி இணைந்துள்ள மரையாணி துருப்பிடித்து விட்டுப்போயிருந்தால், வீட்டிற்குள் உள்ள பச்சைக் கம்பிகள் அனைத்தும் இருந்தும் இல்லாதவையே.

சுவிட்ச் தட்டைத் தொடும்போது லேசான கூச்சம் தெரிந்தால் அதைப் பொருட்படுத்தாமல் விடக் கூடாது. அது தட்டுக்கு எர்த் இல்லை என்பதன் அல்லது பழுது தொடங்கிவிட்டது என்பதன் அறிகுறி. அந்தச் சுற்றின் எம்.சி.பி.யை அணைத்துவிட்டு மின்பணியாளரை அழைக்க வேண்டும்.

ஒருவர் மின்னதிர்ச்சியில் சிக்கினால் அவரைக் கையால் தொட்டு இழுக்கக் கூடாது. முதலில் மெயினை அணைக்க வேண்டும். அது இயலாவிடில், உலர்ந்த பலகையிலோ தடித்த பிளாஸ்டிக் பாயிலோ நின்றுகொண்டு, உலர்ந்த மரக்கட்டையால் அவரை விலக்க வேண்டும். மூச்சும் நாடியும் இல்லையெனில் உடனே மார்பழுத்த முதலுதவியைத் தொடங்கி, தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 என்ற எண்ணில் அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். நலமாக எழுந்துவிட்டவரையும் மருத்துவரிடம் காட்டுவது நல்லது. மின்னோட்டம் இதயத்தில் ஏற்படுத்தும் கோளாறு உடனே வெளியில் தெரியாமலும் இருக்கலாம்.